கம்பி நேராகத்தான் இருந்தது: வயதானால் வரும் மாக்குலா சிதைவு

பெரியம்மாவுக்கு அப்போது 71 வயது. ஒரு நாள் காலை ஜன்னலோரம் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தவர், "ஏல, இந்தக் கம்பிய யாரு வளைச்சது? நடுவுல உள்வாங்கிப் போயிருக்கு பாரு" என்றார். எழுந்து போய்ப் பார்த்தேன். கம்பி தூக்குக்குண்டு பிடித்த மாதிரி நேராக நின்றது. சொன்னால் நம்பவில்லை. நான் ஊருக்குத் திரும்பிய மறுநாள் வெல்டிங்காரரைக் கூப்பிட்டுவிட்டார். வந்தவர் கம்பியை விரலால் மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்துவிட்டு, "கம்பி நல்லாத்தான் இருக்கு ஆச்சி, நீங்க போய்க் கண்ணைக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் கூலி வாங்காமல் போனாராம். எங்கள் வீட்டில் இந்த நோயை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான்.

நோயின் பெயர் வயதுசார் மாக்குலா சிதைவு. சுருக்கமாக ஏ.எம்.டி. என்பார்கள். நான் டாக்டர் இல்லை. பெரியம்மாவை ரெட்டினா டாக்டரிடம் கூட்டிப்போய், சொட்டு மருந்து விட்டு மணிக்கணக்கில் காத்திருந்த நேரத்தில் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, முதல்முறை இந்தப் பெயரைக் கேள்விப்படுபவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் மாக்குலா என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். இந்த வரியில் "கம்பி" என்ற சொல்லை மட்டும் உற்றுப் பாருங்கள். கண்ணை அசைக்காமல், நாலு வரி கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். முடியாது. அங்கே எழுத்து இருப்பது தெரியும், என்ன எழுத்து என்று தெரியாது. நாம் பரந்து விரிந்து எல்லாவற்றையும் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். தெளிவாகப் பார்ப்பது நடுவில் உள்ள துளி இடத்தை மட்டும்தான். கண்ணை ஓயாமல் உருட்டி அந்தத் துளியை அங்குமிங்கும் நகர்த்திக்கொண்டே இருப்பதால் குறை தெரிவதில்லை.

அந்தத் துளிக்குக் காரணமான இடம்தான் மாக்குலா. கண்ணின் பின்சுவரில் உட்பக்கமாக ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு விழித்திரை, அதாவது ரெட்டினா. அதன் நடுவில் சுமார் 5.5 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டம் மாக்குலா. அதற்குள்ளும் நட்டநடுவே 1.5 மில்லிமீட்டர் குழி ஒன்று உண்டு. படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, ஆள் முகம் அறிவது, பஸ் நம்பர் பார்ப்பது எல்லாம் அந்த இடத்தின் வேலை. லூட்டின், ஸியாஸாந்தின் என்ற இரண்டு மஞ்சள் நிறமிகள் அங்கே படிந்திருப்பதால் மஞ்சள் புள்ளி என்றும் பெயர். இரண்டையும் உடம்பால் தயாரிக்க முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். கீரையும் முட்டையின் மஞ்சள்கருவும் கண்ணுக்கு நல்லது என்பது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை.

சரி, வயதானால் இந்த இடம் ஏன் கெடுகிறது? ஒளியை வாங்கும் செல்கள் ஒவ்வொரு நாளும் தங்கள் நுனியில் சுமார் பத்தில் ஒரு பங்கை உதிர்த்துவிட்டுப் புதிதாக வளர்த்துக்கொள்கின்றன. உதிர்ந்ததை அள்ளிச் செரிக்க அவற்றுக்கு அடியில் நிறமிச் செல்கள் ஓர் அடுக்காக இருக்கின்றன. விழித்திரைக்குச் சாப்பாடு ஊட்டுவதும் குப்பை அள்ளுவதும் இந்த ஓர் அடுக்குதான். வாழ்நாள் முழுக்க ஒரு நாள் லீவு இல்லாமல் இந்த வேலை. அறுபது, எழுபது வயதுக்குப் பிறகு சிலருக்கு அது சுணங்குகிறது. அள்ளாத கழிவு அந்த அடுக்குக்குக் கீழே மஞ்சள் திட்டுகளாகத் தேங்குகிறது. இதற்கு ட்ரூசன் என்று பெயர். கல்லை உடைத்தால் உள்ளே மின்னும் படிகக் குவியலுக்கு ஜெர்மன்காரர்கள் வைத்திருந்த சொல் அது.

டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்ப்பது பெரும்பாலும் இந்தத் திட்டுகளைத்தான். 63 மைக்ரானுக்கும் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறியது நாலைந்து இருந்தால் அது தலை நரைப்பது மாதிரி, கவலையில்லை. 125 மைக்ரானைத் தாண்டினால் நோய் நடுநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். கண் நரம்பின் விளிம்பைத் தாண்டும் இரத்த நாளத்தின் தடிமனும் ஏறக்குறைய அதே 125 மைக்ரான் என்பதால், அதையே அளவுகோலாக வைத்துக் கண்ணாலேயே மதிப்பிட்டுவிடுவார்கள். இந்தக் கட்டம் வரை நோயாளிக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. "எனக்கு எல்லாம் நல்லாத்தானே தெரியுது" என்பார்கள், அது உண்மையும்கூட.

இதற்குப் பிறகு நோய் இரண்டு வழியில் போகலாம். பெரும்பாலானவர்களுக்கு இருப்பது உலர் வகை. மெதுவாகப் போகும். வருடக்கணக்கில் அப்படியே நிற்பதும் உண்டு. முற்றினால் நிறமிச் செல்களும் அவற்றின் மேலுள்ள ஒளி வாங்கும் செல்களும் திட்டுத்திட்டாக மடிந்து, பூசிய சுவரில் காரை பெயர்ந்த மாதிரி ஓட்டை விழும்.

பத்தில் ஒருவருக்கு, சற்று மேலும் இருக்கலாம், ஈர வகையாக மாறுகிறது. விழித்திரைக்குப் பின்னாலிருக்கும் இரத்த நாளப் படுகையிலிருந்து, இருக்கக்கூடாத இடத்துக்குப் புது நாளங்கள் முளைத்து மேலேறி வருகின்றன. பலமில்லாத நாளங்கள். ஒழுகும், சில சமயம் உடைந்து இரத்தமும் கசியும். கசிந்த நீர் விழித்திரையை அடியிலிருந்து தூக்கிவிடும். அப்போது ஒளி வாங்கும் செல்கள் இருந்த இடத்தை விட்டு நகர்கின்றன, மூளைக்கோ பழைய விலாசம்தான் தெரியும். அது பழைய விலாசத்தை வைத்தே படம் வரைவதால் நேர்கோடு வளைகிறது. பெரியம்மாவின் ஜன்னல் கம்பி வளைந்தது இப்படித்தான்.

எண்ணிக்கையில் சிறுபான்மையாக இருந்தாலும், இந்த நோயால் வேகமாகப் பார்வை இழப்பவர்களில் பெரும்பாலோர் ஈர வகைக்காரர்களே. போன பார்வையைக் கொஞ்சமாவது மீட்டுத் தரக்கூடிய மருந்து இருப்பதும் இதற்குத்தான். ஆகவே நோயைத் தெரிந்துகொள்வதில் முக்கியமான பாதி, உலர்ந்தது எப்போது ஈரமாகிறது என்று கண்டுபிடிப்பது.

இங்கேதான் நம் கண்களே நம்மை ஏமாற்றுகின்றன. ஒரு கண்ணில் கோளாறு வந்தால் மற்றது ஈடுகட்டிவிடும். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது. பெரியம்மாவுக்கு அன்றைக்குத் தெரிந்ததே தற்செயல். தும்மல் வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தபோது வலது கண் மறைந்திருக்கிறது, இடது கண் மட்டும் கம்பியைப் பார்த்திருக்கிறது. வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடியவில்லை. கண்ணில் தூசி விழுந்தால் ஊரைக் கூட்டுகிறவர்கள் இதற்கு ஏன் ஆறு மாதம் சும்மா இருக்கிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

வீட்டிலேயே பார்க்க ஒரு சோதனை உண்டு. மார்க் ஆம்ஸ்லர் என்ற சுவிட்சர்லாந்து கண் மருத்துவர் பரவலாக்கியது. 10 சென்டிமீட்டர் சதுரம், அதற்குள் 5 மில்லிமீட்டர் கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. கணக்கு நோட்டுத் தாள் மாதிரி இருக்கும். படிக்கும் கண்ணாடி போடுகிறவர்கள் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். தாளைச் சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஒரு கண்ணை உள்ளங்கையைக் குழித்து மூடி, மற்ற கண்ணால் நடுப்புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். கண்ணை அமுக்கி மூடக்கூடாது, அமுக்கினால் திறந்த பிறகு சற்று நேரம் மங்கலாகவே தெரியும். கோடு எங்காவது நெளிகிறதா, கட்டம் எங்காவது அழிந்திருக்கிறதா? பிறகு மற்ற கண். தாள் இல்லையென்றால் ஜன்னல் கம்பி, கதவு நிலை, தரையில் டைல்ஸ் கோடு எதுவும் போதும். ஏற்கெனவே ட்ரூசன் இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள் இதைப் பல் தேய்ப்பது மாதிரி வழக்கமாக்கிக்கொள்ளலாம். ஆனால் இதில் எல்லாம் நேராகத் தெரிந்தால் நோயே இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. 60 தாண்டியவர்கள் சொட்டு மருந்து விட்டுச் செய்யும் முழுப் பரிசோதனையை அவ்வப்போது செய்துகொள்வதற்கு மாற்று கிடையாது.

வேறு அறிகுறிகளும் உண்டு. படிக்க முன்பைவிட அதிக வெளிச்சம் வேண்டியிருக்கும். வெயிலிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தால் கண் பழக வெகுநேரமாகும். நிறம் வெளிறித் தெரியும். வாசிக்கும்போது வார்த்தையில் நடு எழுத்து காணாமல் போகும். தினசரி காலண்டரில் தேதியின் ஓரம் தெரியும், நடு தெரியாது.

கண்புரை என்று நினைத்துக் காத்திருப்பதுதான் பலர் செய்யும் தவறு. "புரை முத்தட்டும், அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கலாம்" என்று நாள் போகும். புரை வந்தால் பனிமூட்டம் போல மொத்தமாக மங்கும், வளைக்காது. மாக்குலா கெட்டால் ஓரம் தெளிவாக இருக்கும், நடு மட்டும் கெடும். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் இந்த வயதில் சகஜம். புரை எடுத்த பிறகும் எழுத்து தெரியவில்லை என்று ஆபரேஷன் செய்தவரைத் திட்டுகிறவர்களில் சிலருக்கு உண்மைக் குற்றவாளி பின்னால் இருக்கும் மாக்குலா. கண்ணாடி நம்பர் மாற்றியும் பயனில்லை. கேமராவில் ஃபிலிம் கெட்டிருக்கும்போது லென்ஸை மாற்றி என்ன?

ஓரப்பார்வை பிழைத்திருப்பதால் வீட்டுக்குள் ஒரு விசித்திரமான சண்டை வரும். தரையில் கிடக்கும் சேப்டி பின்னைக் குனிந்து எடுப்பார். அதே ஆள் கல்யாண வீட்டில் எதிரே வந்து சிரித்த சம்பந்தியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போவார். "பின்னு தெரியுது, நான் தெரியலையா?" என்று பேச்சு கிளம்பும். பெரியம்மா மேல் இப்படி ஒரு வருத்தம் இரண்டு வருடம் ஓடியது. பின் கிடந்தது அவர் ஓரப்பார்வையில். முகம் வந்தது நேர் நடுவில்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. பார்வை நன்றாகக் குறைந்தவர்களில் சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும். சுவரில் பூ வேலைப்பாடு, முற்றத்தில் சின்னச் சின்ன ஆட்கள், தொப்பி போட்ட அந்நியர்கள். சத்தம் இருக்காது. பார்க்கிறவருக்கும் அது நிஜமில்லை என்று பெரும்பாலும் தெரியும். சார்ல்ஸ் போனே என்ற சுவிஸ் அறிஞர் தன் தாத்தாவுக்கு இப்படி நேர்ந்ததை 1760-ல் எழுதிவைத்தார், அவர் பெயரிலேயே இது அழைக்கப்படுகிறது. கண்ணிலிருந்து தகவல் வராத இடத்தை மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது, அவ்வளவுதான். நம் வீடுகளில் இதைச் சொன்னால் ஒன்று பேய் என்பார்கள், இல்லை மூளை பிசகிவிட்டது என்பார்கள். அதனாலேயே பெரியவர்கள் வாயைத் திறப்பதில்லை. பார்வை குறைந்த பெரியவர் வீட்டில் இருந்தால், நீங்களே முந்திக்கொண்டு பேச்சுவாக்கில் கேட்டுவிடுங்கள். தனக்கு மட்டும் இல்லை என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

யாருக்கு வரும்? வயதுதான் முதல் காரணம். அடுத்து பரம்பரை. நோய் எதிர்ப்பு அமைப்பைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவில் உள்ள மாற்றம் இதோடு தொடர்புடையது என்று 2005-ல் கண்டுபிடித்தார்கள். ஆகவே அண்ணனுக்கு இருந்தால் தம்பியும் தங்கையும் கண்ணைக் காட்ட வேண்டும். இரண்டையும் நாம் மாற்ற முடியாது. மாற்றக்கூடியதில் பெரியது புகை. பிடிக்கிறவர்களுக்கு ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல். பீடி என்றால் தள்ளுபடி கிடையாது.

மருத்துவமனையில் இப்போது முக்கியமான பரிசோதனை ஓ.சி.டி. ஸ்கேன். 1991-ல் உலகுக்கு அறிமுகமான கருவி. தாடையைத் தாங்கியில் வைத்து, உள்ளே தெரியும் புள்ளியைப் பார்த்தால் போதும். ஊசியில்லை, வலியில்லை. விழித்திரையைப் பணியாரத்தைக் குறுக்கே வெட்டின மாதிரி அடுக்கடுக்காகக் காட்டும். எங்கே நீர் தேங்கியிருக்கிறது என்று நாமே பார்க்கலாம், கறுப்புக் குமிழாகத் தெரியும். தேவைப்பட்டால் கையில் மஞ்சள் சாயம் ஏற்றி இரத்த நாளங்களைப் படமெடுப்பார்கள். அன்றைக்குச் சிறுநீர் மஞ்சளாகப் போகும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பெரியம்மா மஞ்சள் காமாலை என்று பயந்துவிட்டார்.

உலர் வகையை முற்றிலும் சரிசெய்ய மருந்து இல்லை. மாத்திரை ஒன்று உண்டு. அமெரிக்க தேசியக் கண் நிறுவனம் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2001-ல் வந்தது. நடுநிலையில் இருப்பவர்களுக்கும், ஒரு கண்ணில் மட்டும் முற்றியவர்களுக்கும் குறிப்பிட்ட அளவு விட்டமின்களும் துத்தநாகமும் கொடுத்தால், ஐந்து ஆண்டுகளில் நோய் முற்றும் வாய்ப்பு சுமார் 25 சதவீதம் குறைகிறது என்றது. முதலில் அதில் பீட்டா கரோட்டின் இருந்தது. புகைபிடிப்பவர்களுக்கு அது நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் என்று தெரிந்ததால், 2013-ல் வந்த இரண்டாவது ஆய்வுக்குப் பிறகு அதற்குப் பதில் லூட்டின் 10 மில்லிகிராமும் ஸியாஸாந்தின் 2 மில்லிகிராமும் வந்தன. மீன் எண்ணெயும் சேர்த்துப் பார்த்தார்கள், கூடுதல் பலன் இல்லை. ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கும் நோயே இல்லாதவர்களுக்கும் இந்த மாத்திரையால் பயன் நிரூபிக்கப்படவில்லை. கண்ணுக்கு நல்லது என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கி வீடு முழுக்கச் சாப்பிடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

முற்றிய உலர் வகைக்கு 2023-ல் அமெரிக்காவில் இரண்டு ஊசி மருந்துகளுக்கு அனுமதி கிடைத்தது. ஓட்டை பெரிதாகும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். போன பார்வையைத் தராது.

ஈர வகையின் கதை வேறு. புது நாளங்களை முளைக்கச் சொல்லி உடம்பு அனுப்பும் புரதத்துக்கு வி.இ.ஜி.எஃப். என்று பெயர். அதை 1989-ல் பிரித்தெடுத்து அடையாளம் கண்டவர்களில் ஒருவர் நெப்போலியோன் ஃபெராரா. புற்றுக்கட்டியும் இதே புரதத்தை வைத்துத்தான் தனக்கு இரத்தம் இழுத்துக்கொள்கிறது. அதனால் அதை முடக்கும் அவாஸ்டின் என்ற மருந்து 2004-ல் முதலில் குடல் புற்றுநோய்க்கு வந்தது. கண்ணுக்கென்றே அதே குடும்பத்தில் லூசென்டிஸ் தயாராகிக்கொண்டிருந்தது. அது வருவதற்குள் பார்வை போய்விடுமே என்று, மியாமியில் ஃபிலிப் ரோசன்ஃபெல்ட் என்ற டாக்டர் 2005-ல் அவாஸ்டினையே துளியளவு எடுத்து நோயாளியின் கண்ணுக்குள் செலுத்திப் பார்த்தார். நீர் வற்றியது. லூசென்டிஸ் 2006-ல் வந்தது. அதன் ஆய்வில் ஓராண்டு முடிவில் மூன்றில் ஒருவருக்குப் பார்வைப் பலகையில் மூன்று வரி கூடுதலாகப் படிக்க முடிந்தது. அதற்கு முன்புவரை இந்த நோயில் பார்வை போவதைத் தாமதப்படுத்துவதைத்தான் வெற்றி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

விலைதான் சிக்கல். 2011 வாக்கில் அமெரிக்காவில் லூசென்டிஸ் ஒரு ஊசி சுமார் 2,000 டாலராகவும் அவாஸ்டின் சுமார் 50 டாலராகவும் இருந்தது. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட அரசு ஆய்வு 2011-ல் பார்வையைப் பொறுத்தவரை இரண்டும் சமம் என்றது. கண்ணுக்கென்று அனுமதி வாங்காவிட்டாலும் உலகம் முழுக்க டாக்டர்கள் அவாஸ்டின் போடுவதன் பின்னணி இது. பெரிய குப்பியிலிருந்து கிருமி படாமல் பிரித்துக் கொடுப்பதில்தான் கவனம் வேண்டும். லூசென்டிஸின் உயிரி ஒத்த மருந்தை, அதாவது அதே மாதிரி வேறு நிறுவனம் தயாரிக்கும் மருந்தை, 2015-லேயே இந்திய நிறுவனம் ஒன்று கொண்டுவந்துவிட்டது. ஐலியா போன்ற பின்னால் வந்த மருந்துகளில் ஊசிகளுக்கு இடையே நாள் கொஞ்சம் நீளும். எது உங்களுக்கு என்பதை டாக்டரிடம் பணக்கணக்கையும் சேர்த்து வெளிப்படையாகப் பேசுங்கள். கூச்சப்பட்டு விலை உயர்ந்ததில் ஆரம்பித்து இரண்டாவது ஊசியோடு நிறுத்துவதைவிட, தொடர்ந்து போட முடிந்ததைத் தேர்ந்தெடுப்பது மேல்.

"கண்ணுக்குள்ள ஊசியா!" என்று எல்லோரும் அலறுகிறார்கள். பெரியம்மாவும் முதல் தடவை குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டுதான் வந்தார். நடந்தது இவ்வளவுதான். தலைக்குத் தொப்பி, கண்ணுக்கு மரத்துப்போகும் சொட்டு, பிறகு பழுப்பு நிற அயோடின் சொட்டு. இமை மூடாமல் பிடிக்க ஒரு சின்னக் கம்பிக் கிளிப். கருவிழியின் ஓரத்திலிருந்து மூன்றரை, நாலு மில்லிமீட்டர் அளந்து வெள்ளைப் பகுதியில் மெல்லிய ஊசி. உள்ளே போகும் மருந்து 0.05 மில்லி, ஒரு துளி. சில நொடியில் முடிந்தது. வெளியே வந்தவர், "அந்த கிளிப்புதான்ல உறுத்துச்சு, ஊசி எப்பப் போட்டாவன்னே தெரியல" என்றார். அன்றைக்கு அயோடின் எரிச்சல் இருக்கும், வெள்ளையில் சிவப்புத் திட்டு தெரியலாம், இரண்டும் போய்விடும். அரிதாக, சில ஆயிரம் ஊசிக்கு ஒன்று என்ற கணக்கில், கண்ணுக்குள் கிருமி தொற்றும். ஊசி போட்ட சில நாட்களில் வலி கூடிக்கொண்டே போனாலோ பார்வை சட்டென்று மங்கினாலோ வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கூசினாலோ, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கக்கூடாது. அன்றைக்கே போக வேண்டும்.

முதலில் மாதம் ஒன்றாக மூன்று ஊசி போடுவது வழக்கம். நீர் வற்றினால் இடைவெளியை இரண்டு வாரம் இரண்டு வாரமாக நீட்டிப் பார்ப்பார்கள். மருந்து நாளங்களை அடக்கிவைக்கிறதே தவிர வேரோடு பிடுங்குவதில்லை. எங்கள் வீட்டில் சறுக்கியதும் இங்கேதான். மூன்று ஊசியில் கம்பி நிமிர்ந்துவிட்டது, "நல்லாத்தான் இருக்கே" என்று நாலாவது முறை போகவில்லை. அந்த மாதம் வீட்டில் வளைகாப்பு, அடுத்த மாதம் மழை. மூன்றாம் மாதம் போனபோது கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருந்தது. பிறகு எத்தனை ஊசி போட்டும், முதலில் பார்வைப் பலகையில் கூடியிருந்த வரிகளில் ஒன்று திரும்பவேயில்லை.

நம் ஊர்க்காரர்கள் உட்பட ஆசியர்களிடம் ஈர வகையின் ஒரு கிளை வகை அதிகம். புது நாளங்களின் நுனி திராட்சைக் குலை மாதிரி உப்பியிருக்கும். அதற்கு ஊசியோடு ஒளி மருந்துச் சிகிச்சை ஒன்றையும் சில சமயம் சேர்ப்பார்கள்.

ஸ்டெம் செல் என்ற பெயரில் வரும் விளம்பரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் ஒரு கிளினிக்கில், இந்த நோயுள்ள மூன்று பெண்களின் வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் செலுத்தினார்கள். மூவருக்கும் பார்வை கடுமையாகப் பறிபோனதை 2017-ல் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. சிகிச்சைக்கு அவர்கள் பணமும் கட்டியிருந்தார்கள். ஒழுங்கான ஆய்வுகள் நடக்கின்றன, அவற்றில் நோயாளியிடம் சிகிச்சைக்குக் காசு கேட்பதும் இரண்டு கண்ணையும் ஒரே நாளில் தொடுவதும் வழக்கமில்லை. நந்தியாவட்டைச் சாறு, தேன் எல்லாம் கண்ணின் முன்பக்கம் எரிவதோடு சரி, மாக்குலா இருக்கும் பின்சுவருக்குப் போகப்போவதில்லை.

போன பார்வை போனாலும் இருப்பதை வைத்துச் செய்ய நிறைய உண்டு. இந்த நோய் மட்டும் இருப்பவர் முழு இருட்டுக்குப் போவதில்லை, ஓரம் மிஞ்சும். ஆங்கில நடிகை ஜூடி டென்ச் தனக்கு இந்த நோய் இருப்பதை 2012-ல் வெளியே சொன்னார். வசனத்தைப் பிறர் வாசிக்கக் கேட்டு மனப்பாடம் செய்து, அதன் பிறகும் நடித்துக்கொண்டிருந்தார். பெரியம்மா வீட்டில் செய்தது அதைவிடச் சாதாரணமானது. அவர் நாற்காலிக்குத் தோளுக்குப் பின்னாலிருந்து விழும்படி ஒரு எல்.இ.டி. விளக்கு. போனில் எழுத்து ஆகப் பெரியதாக. மாத்திரை டப்பாக்களுக்கு நிற ரப்பர் பேண்டு. வெளிர் டைல்ஸ் போட்ட படிக்கட்டின் விளிம்பில் கறுப்பு டேப். விளக்கு வைத்த அன்றைக்கு, விட்டுப்போன தொடர்கதையை எடுத்து ஒரு பக்கம் வாசித்துவிட்டார்.

நடு போனவர்கள் நாளடைவில் முகத்தைச் சற்றுத் திருப்பி, கெடாத ஓரத்தால் பார்க்கப் பழகிக்கொள்வார்கள். சொல்லிக் கொடுத்தால் இன்னும் சீக்கிரம் வரும். பெரியம்மா இப்போது என்னைப் பார்க்க வேண்டுமென்றால் என் காதுக்குப் பக்கத்தில் எதையோ உற்றுப் பார்க்கிறார். அப்போதுதான் என் முகம் அவருக்குத் தெரிகிறது. கல்யாண வீடுகளுக்கு நான் கூடவே போகிறேன். எதிரே யாராவது வந்தால், "பெரியம்மா, சம்பந்தி வாராவ" என்று முந்திச் சொல்லிவிடுவேன்.